பாட்டின் எலும்பு

காரக்கோணத்தில் பாதிப்பேருக்கு ராஜபாய், அங்கணவாடியில் கஞ்சி வைத்துக் கொடுத்த ஆயா. மீதிப்பேருக்கு ரப்பர் வெட்டும் எலியாவின் பெண்சாதி. எலியா, மிஷன் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்த ஈசாக்கின் மூத்த மகன். அவனுக்கு நேர் இளையவள் புஷ்பபாய். முறைக்கு ராஜபாய் அவளுக்கு மைனி. கோயிலுக்குள் போனால் முறையெல்லாம் கிடையாது, இரண்டுபேரும் சேர்ந்து ஒரு பாட்டு.

அந்தக் கோயில் பாடகர் குழுவில் நான்கு குரல் உண்டு. மெட்டை எடுத்துப் பாடுகிறது சோப்ரானோ. அதற்கு அடியில், கூடவே, ஆனால் வேறு வழியாக நடக்கிறது ஆல்ட்டோ. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறே ராஜபாயின் குரலைக் கேட்டு ஆல்ட்டோவில் உட்கார வைத்தார்கள். சோப்ரானோ வரிசையின் கடைசியில் புஷ்பபாய், அவளை ஒட்டி ராஜபாய். அன்றுமுதல் அந்த இடம் மாறவில்லை. புஷ்பபாயின் குரல் மேலே பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் ராஜபாய் கீழே எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வருவாள்.

ஆல்ட்டோவின் விதி என்னவென்றால், தனியாகப் பாடினால் அது என்ன பாட்டு என்று பெற்ற தாய்க்கும் பிடிபடாது. மீன் கழுவுகிற நேரத்தில் ராஜபாய் முனகினால் எலியா கேட்பான்: "நீ பாடுதது பாட்டா, பாட்டுக்க எலும்பா?"

புஷ்பபாய் மஸ்கட்டுக்குப் போனபிறகு எலும்புதான் மிஞ்சியது. அவளுடைய மகன் சஜுவுக்கும் மருமகள் ஜிஜாவுக்கும் அங்கே வேலை, பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். கோயிலில் அவள் இடத்தில் மினி என்ற பெண் வந்து உட்கார்ந்தாள். நல்ல குரல், குறை சொல்லக்கூடாது. ஆனாலும் மினி மெட்டை எடுத்ததும் ராஜபாயின் குரல் தாயைக் கண்ட கன்றுபோல அதன் பின்னால் ஓடி மெட்டிலேயே போய் விழுந்தது. நாலைந்து ஞாயிறு பார்த்தாள். தொண்டை சரியில்லை என்று சொல்லி, சபையோடு கீழே உட்கார்ந்துகொண்டாள்.

ஃபோனில் முகம் பார்த்துப் பாடியும் பார்த்தார்கள். கடல் தாண்டி வருகிற குரல் ஒரு மூச்சு பிந்தி வந்தது. நீ முந்துத என்று இவளும், நீயாக்கும் பிந்துதது என்று அவளும் சண்டைபோட்டதுதான் மிச்சம்.

இப்படி இருக்கும்போதுதான் திருவனந்தபுரத்தில் ஒரு நாடகம் வந்தது. தொடக்கம் முதல் கடைசிவரை பாட்டாகவே நடக்கிற நாடகம். ரெக்கார்டு கிடையாது, மேடையில் நிற்கிறவர்களே நான்கு குரலிலும் பாடுவார்கள். லீவுக்கு வரும்போது சேர்ந்து போகலாம் என்று புஷ்பபாய் சொல்லியிருந்தாள். ஜிஜாவுக்கு மூன்றாவது பிரசவம் வந்து லீவு போயிற்று.

பாறசாலையில் வேன் வைத்து ஆள்களைக் கூட்டிப்போகிற சிபியிடம், ஒற்றைக்கு வரலாமா என்று ராஜபாய் கேட்டாள். வேனுக்கு ஒற்றை இரட்டை தெரியாது அம்மா, கேறி இருங்க என்றான். எலியாவைக் கூப்பிட்டதற்கு, பசுவை யார் பார்ப்பது என்றான். பசு ஒரு சாக்கு. பாட்டு கேட்டால் அவனுக்கு உறக்கம் வரும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். இரண்டு குரல் ஒரே காற்றில் சேர்வதை இன்னொரு தடவை கிட்ட நின்று கேட்கவேண்டும்.

வேனில் பெரும்பாலும் செங்கல் என்ற ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள், எல்லாரும் சோடி சோடியாக. ராஜபாய்க்குப் பக்கத்தில் வந்தது விஜயம்மா, தையல்கடைக்காரி. அவளும் ஒற்றைக்குத்தான் வந்திருந்தாள். "எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வந்தா, குறட்டைக்கும் ஒரு டிக்கெட்டு எடுக்கணும் அக்கா" என்றாள். நெய்யாற்றின்கரை வருவதற்குள் இரண்டுபேரும் வாழைக்காய் வற்றலைப் பங்குபோட்டாயிற்று.

நாடகம் ஒரு படகுக்காரியின் கதை. அக்கரைக்குப் போன தங்கை வருவாள் என்று துறையிலேயே இருக்கிறாள். ராஜபாய்க்குக் கதையில் மனம் நிற்கவில்லை. மேடையின் ஓரத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் கீழ்க்குரல் பாடிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ராஜபாய் அவளை மட்டுமே பார்த்தாள்.

கடைசிப் பாட்டு வந்தது. நான்கு குரலும் ஏறின. அவளுடைய கோயிலில் கடைசித் துதிப்பாட்டுக்கு யாரும் எழும்பச் சொல்லமாட்டார்கள், முதல் சுரம் விழுந்ததும் சபை தானே எழும்பிவிடும். அந்தப் பழக்கத்தில் ராஜபாய் எழும்பி நின்றாள். இவ்வளவு பெரிய அரங்கத்தில் அவள் ஒருத்தி. ஏதோ தேசியகீதம் மாதிரி போல என்று நினைத்து விஜயம்மாவும் எழும்பினாள். அவளைப் பார்த்து செங்கல்காரர்கள் வரிசையாக எழும்பினார்கள்.

பின்னாலிருந்து ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: "ஒன்னு இரிக்காமோ சேச்சி? ஞங்ஙளும் டிக்கெட்டு எடுத்ததாணு."

உட்காரச் சொன்னது ராஜபாயின் காதில் விழவில்லை. பாட்டின் அதே அடி இரண்டாம் தடவை வந்தபோது அவள் வாய் திறந்திருந்தது. பச்சைச் சேலைக்காரியின் வழியில் கீழே நடந்தாள். மேலே மெட்டு அதன் இடத்தில் இருந்தது. இவள் குரல் அதன் பின்னால் ஓடவில்லை, அதில் போய் விழவில்லை. தன்னையறியாமல் வலப்பக்கம் திரும்பினாள், பழைய பெஞ்சில் திரும்புவதுபோல. அங்கே இவளுடைய பையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு விஜயம்மா நின்றாள்.

திரும்பி வரும்போது விஜயம்மா அந்த மெட்டை விடாமல் முனகினாள். ராஜபாய் மெல்ல அடியில் சேர்ந்தாள். "நீங்க பாடுதது வேற பாட்டுல்லா?" என்று கேட்டாள் விஜயம்மா. இதே பாட்டுதான் என்றாள் இவள். உதியன்குளங்கரையில் வேன் நின்றது. விஜயம்மா மெட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு இறங்கிப்போனாள். பாறசாலைவரை ராஜபாய் ஒன்றும் பாடவில்லை.

மறுநாள் கோயில் விட்டு வந்ததும் புஷ்பபாய் கூப்பிட்டாள். எழும்பி நின்ற கதையைக் கேட்டு இருமும்வரை சிரித்தாள். பிறகு, அந்தப் பாட்டைப் பாடு மைனி என்றாள். ராஜபாய் முதலில் மெட்டைத் தட்டுத்தடுமாறி இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தாள். பின்பு தன்னுடையதைப் பாடினாள். ஃபோனில் புஷ்பபாயின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பாடி முடித்துவிட்டு, "ஒண்ணும் கேக்கல்லியே மக்கா" என்றாள் ராஜபாய்.

புஷ்பபாய் எதையோ அமுக்கினாள். சத்தம் வந்தது. "உனக்குப் பிந்திக் கேக்கக்கூடாதுண்ணு நானாக்கும் எனக்க சத்தத்த அடச்சு வச்சேன். உனக்க பாட்டு இங்க வந்து விழ விழ, நான் மேல பாடுனேன். இங்க சேந்துது மைனி."

"சேந்துதா?"

"பழையமாதிரி சேந்துது."

எலியா வாசலில் நின்று பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கத்துக் காற்றில் இருந்தது எலும்பு மட்டும்தான். முழுப்பாட்டு கடலுக்கு அந்தப்பக்கம், அவள் காணாத ஒரு அடுக்களையில் கேட்டு முடிந்திருந்தது.

"நாளைக்கு நான் பாடுதேன், நீ அடச்சு வை. உனக்கும் கேக்கும்" என்றாள் புஷ்பபாய்.

"நாளைக்கு நாளைக்கு ஆவட்டும்" என்று ராஜபாய் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இப்பம் அடச்சு வை. இன்னொருக்கப் பாடுதேன்."