அப்பா நோயாளியாக இருந்த மூன்று நாட்கள்

அம்மாவின் எக்ஸ்ரே அட்டை வெளிர்நீல நிறம். அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். பெயர், நாள், நேரம், கீழே ஒரு கட்டம். வந்துபோனதற்கு அடையாளமாக அந்தக் கட்டத்தில் மருத்துவமனையில் முத்திரை குத்துவார்கள். சிராங்கூன் சாலைக்கு அருகே ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தபோது, அந்த அட்டை முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் செருகியிருந்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அம்மாவுக்கு இரண்டு மாதமாக விடாத இருமல், மாலையானால் காய்ச்சல். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா தனியாகப் போகப் பயந்தாள். அப்பாவுக்கோ வகுப்பை விட்டு வர மனமில்லை. இப்படியே இருமுறை தள்ளிப்போயிற்று. அந்தச் சமயத்தில்தான், ஆங்கிலப்பள்ளி ஆசிரியர்களுக்கு நிகரான சம்பளம் கேட்டு, தமிழாசிரியர்கள் எல்லோரும் எம்.சி. என்கிற டாக்டர் சீட்டு வாங்கி மூன்று நாள் மருத்துவ விடுப்பு எடுப்பதென்று முடிவானது. அப்பா உற்சாகமாகிவிட்டார். "எப்படியும் வீட்லதான இருப்பேன். ரெண்டாம் நாளே போயிட்டு வந்துடுவோம்" என்று அந்தத் தேதியையே அட்டையில் எழுதி வாங்கி வந்தார்.

நோயாளி தெருவில் நடமாட முடியாது என்பது அவ்வளவு படித்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. முதல் நாள் காலை, உடன் வேலைபார்க்கும் ஆசிரியர் ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்து சொன்னார்: "கல்வி இலாகாலேருந்து வீடு வீடா வந்து பாப்பாங்களாம் சார். ஒருத்தர் ரோட்ல தென்பட்டாலும் எல்லார் எம்.சி.யும் பொய்யாயிடும் லா." சொல்லிவிட்டு அவரும் படுக்க ஓடினார்.

அப்பா பொய் சொல்லி எனக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ, கழுத்துவரை போர்த்திக்கொண்டு நிஜமாகவே படுத்துவிட்டார். அக்கம்பக்கம் நலம் விசாரிக்க வந்தது. கீழே மளிகைக்கடை வைத்திருந்த பாயின் மனைவி ஒரு தூக்கு நிறையக் கஞ்சி கொண்டுவந்தார். "வாத்தியாரு மொகமே வாடிப்போச்சே" என்று வருத்தப்பட்டார். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா காப்பி கலந்து கொடுத்தாள். கொடுக்கும்போது இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் எட்டு மணிக்கே அம்மா நல்ல சேலை கட்டித் தயாராகிவிட்டாள். அப்பா எழுந்து உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். காலை மறுபடி போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "நான் கூட வரேம்மா" என்றேன். "நீ வந்து டாக்டர்கிட்ட என்னடி பேசுவ?" என்று அம்மா சிரித்தாள். அப்புறம் அப்பாவிடம், "நீங்க படுத்துக்குங்க. அடுத்த வாரம் போய்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு அரிசி களையப் போனாள்.

மூன்று நாளும் இலாகாவிலிருந்து ஓர் ஈ காக்கைகூட வரவில்லை.

அடுத்த வாரம் என்பது நான்கு மாதமாயிற்று. அதற்குள் அம்மா இருமும்போது கைக்குட்டையில் ரத்தம் வந்துவிட்டது. காசநோய் முற்றியிருந்தது. பதினோரு மாதம் அவளை மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். வார்டு ஜன்னலுக்கு வெளியே புல்தரையில் நின்று கையசைப்பேன். அப்பா முதல் முறை கட்டிலருகே போனபோது, அம்மா கேட்டது எனக்கு வெளியே கேட்டது: "இப்ப ஒங்களுக்கு ஒடம்பு தேவலையா?" கேலியா கோபமா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது. கேட்டது நியாயம்தான்; அதை நான் என்றும் குறை சொன்னதில்லை. அந்த மூன்று நாள் மீதுதான் எனக்குக் கோபம் ஆறவில்லை. அம்மா பிழைத்து வந்து இருபது வருடம் இருந்தாள். யாராவது "உடம்பு எப்படி?" என்று கேட்டால், அவளை ஒருமுறை பார்த்த பிறகுதான் அப்பா பதில் சொல்வார்.

இப்போது என் புக்கிட் பாத்தோக் வீட்டில் இருக்கிறது அந்த அட்டை. சென்ற மாதம் எனக்குச் சளி பிடித்தபோது, மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு கிளினிக்குக்கு வந்தாள். எதற்கு இதெல்லாம் என்று கடிந்துகொண்டேன். வீடு திரும்பியதும் அட்டையை எடுத்துப் பார்த்தேன். நீலம் வெளுத்து, எழுத்தும் மங்கிவிட்டது. கட்டத்தில் முத்திரை இல்லை.