டெபுடி மேனேஜரின் மனைவிக்குப் படம் சொன்ன கதை

ப்ரொபேஷனில் இருப்பவன் மேலதிகாரியோடு சினிமாவுக்குப் போகக் கூடாது. எந்த ட்ரெயினிங்கிலும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையின் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தேன். மீட்டரில் முள் எங்கே நிற்கிறதோ அதை ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. ஒரு வருட ப்ரொபேஷன் முடிந்து இரண்டு மாதமாகியும் கன்ஃபர்மேஷன் ஆர்டர் வரவில்லை. மதுரையில் எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார், ஆர்டரைக் கண்ணால் பார்த்தால்தான் தட்டு மாற்றுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். என் ஃபைல் டெபுடி மேனேஜர் சேஷகிரி ராவின் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாளில் எங்களுக்குத் தமிழ்ப் படம் என்றால் செகந்திராபாத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிதான். ஊரிலுள்ள தமிழ் முகமெல்லாம் அங்கே இருக்கும். என் அபிப்பிராயத்தில் அந்தக் காலப் படங்களில் இடைவேளை வரை கதை இருக்கும், அப்புறம் அழுகைதான். ஆனாலும் நான் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. கும்பலாக உட்கார்ந்து தமிழில் சிரிக்க எங்களுக்கு வேறு இடம் ஏது? இன்றைக்கும் அந்தக் காலைகளை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை ராவ் என்னைக் கூப்பிட்டார். ஆபீஸில் தெலுங்கும் இங்கிலீஷும் தவிர வேறெதுவும் அவர் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டார் புகழ்ந்த ஒரு தமிழ்ப் படத்தைப் பார்க்க அவர் மனைவி ஆசைப்படுகிறாராம். அருகில் உட்கார்ந்து தெலுங்கில் கதை சொல்ல ஆள் வேண்டுமாம். என் தெலுங்கு சுமார்தான். ஃபைலை நினைத்துத் தலையாட்டினேன்.

செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த சக ஊழியன் அருள்ராஜ் எச்சரித்தான். "நக்கோ மேன், வேணாம். படம் நல்லா இல்லேன்னா உன் தலையிலதான் விடியும்."

படம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வினை. வில்லன் ஒரு ஃபேக்டரி மேனேஜர். முதல் ரீலிலேயே ஏழைத் தொழிலாளி ஒருவனின் வயிற்றில் அடிக்கிறான். எங்கள் ஃபேக்டரியின் ஷாப் ஃப்ளோர் தொழிலாளிகள் முன்வரிசைகளில் இருந்து அவனைத் திட்டுகிறார்கள். என் பக்கத்தில் அந்த அம்மாள், அவருக்கு அந்தப் பக்கம் ராவ்.

யார் இவன் என்று அம்மாள் கேட்டார். திரையில் வாய்க்கு வாய் மேனேஜர் என்றே கூப்பிடுகிறார்கள், மறைக்க வழியில்லை. இவன் போலி, நிஜ மேனேஜர் தங்கமான மனிதர், அவர் டெல்லிக்குப் போன நேரம் பார்த்து இவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான், அம்மாள் நிஜ மேனேஜருக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். பாட்டு வந்தால், எப்போது வருவார் என்பார். சண்டை வந்தால், டெல்லியில் இன்னும் என்ன வேலை என்பார். பட்ஜெட் மீட்டிங் என்றேன். கடைசியில் கதாநாயகன் மேனேஜரை நையப் புடைக்க, கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் போலீசோடு வந்தார். உண்மையில் கதாநாயகியின் அப்பா. அம்மா, இவர்தான் அந்த நிஜ மேனேஜர் என்றேன். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே அம்மாள் காரில் ஏறியதும் ராவ் என்னிடம் வந்தார். சுத்தமான தமிழில் பேசினார்.

"நான் மெட்ராஸ்ல அஞ்சு வருஷம் படிச்சவன்யா. அவளுக்குக் கதை சொல்லிக்கிட்டே இருந்தா நான் எங்க படம் பாக்கிறது? அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."



"பட்ஜெட் மீட்டிங்," என்று தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் ஆர்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. கல்யாணம் போச்சு, வேலையும் போச்சு என்றே முடிவுகட்டிவிட்டேன். பதினோராம் நாள் ஆர்டர் வந்தது. முதல் பாராவில் கன்ஃபர்மேஷன். இரண்டாவது பாராவில் மாற்றல். உற்பத்தி டார்கெட்டை ஏன் எட்டவில்லை என்று டெல்லி கேட்கும்போதெல்லாம் பதில் எழுதும் பிரிவுக்குப் போட்டிருந்தார். ரிட்டயர் ஆகும் வரை அங்கேதான் இருந்தேன், நல்ல பெயரோடு.

வேலையில் முன்னேற என்ன வழி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதினாலு மாதம் உள்ளதை உள்ளபடி எழுதினேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் புளுகினேன், நிரந்தரமாக்கிவிட்டார்கள்.