விஜயகுமாரி டீச்சர் தீ மூட்டிய காலை

என் அக்கா விஜயகுமாரி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள். தீப்பெட்டி, லைட்டர் எதுவும் இல்லாமல் தீ உண்டாக்கி, அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுத் தருவதாக! ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து நடுநிலைப்பள்ளியில் அவள் சமூக அறிவியல் டீச்சர். ஆதிமனிதர்கள் தீயில் குளிர் காய்ந்ததையும் கறி சுட்டதையும் நடத்திக்கொண்டிருந்தபோது, "நீங்க செஞ்சு காட்டுங்க டீச்சர்" என்று யாரோ கேட்க, "செய்றேன்டா" என்றுவிட்டாள்.

புத்தகத்தில் இரண்டு கற்களை உரசுகிற படம். உரசினாள். பொறி வந்தது, தீ வரவில்லை. இரண்டாம் முறையும் தோற்றபோது ஜாஸ்மின் என்கிற வாயாடி, "ஆதிமனுசங்க எல்லாரும் நம்ம டீச்சர் மாதிரி இருந்திருந்தா, நாமெல்லாம் பொறந்தே இருக்க மாட்டோம்" என்றாளாம். வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியர் இருதயராஜ், "இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசிம்மா. அப்புறம் ஒழுங்கா பாடத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து இறங்கியது அந்த வாரம்தான்.

அக்கா பிறவி டீச்சர் இல்லை. ப்ளஸ் டூ முடித்ததும் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போனவள். ஆறு வருஷம் ரஃபிங் செக்‌ஷன். பளபளக்கிற தோலின் விளிம்பைக் கம்பி பிரஷ்ஷில் கொடுத்துக் கீறுகிற வேலை. கீறினால்தான் அடிப்பாகத்தை ஒட்டும் பசை பிடிக்கும். தலை நிறையத் தூசியோடு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படித்தே தபால் வழியில் டிகிரி வாங்கினாள். அப்புறம் வேலையை விட்டு பி.எட்., தகுதித் தேர்வு, வருஷக்கணக்கில் காத்திருப்பு. டீச்சர் ஆனபோது வயது முப்பத்திரண்டு. எடுத்ததைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கல்லை விட்டு வில்லுக்கு மாறினாள். வளைத்த கொய்யாக் கிளையில் ஒரு தோல் வாரைக் கட்டினாள். அந்த வாரை எருக்கங்குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, குச்சியைக் காய்ந்த கற்றாழைத் தண்டின் குழியில் நிறுத்தி, அதன் தலையில் கொட்டாங்குச்சியை வைத்து அழுத்திக்கொண்டு வில்லை முன்னும் பின்னும் இழுத்தால், மோர் கடைகிற மத்து மாதிரி குச்சி சுழலும். புதன்கிழமை எங்கள் மொட்டை மாடியில் புகை வந்தேவிட்டது! அக்கா குதித்த குதியில் கீழ்வீட்டு தூபா அக்கா, "இன்னா குமாரி, வீடு இடியுதா?" என்று கத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை. மலையில் இன்னும் பனி விலகவில்லை. பிள்ளைகள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு மைதானத்தில் வட்டமாக நின்றார்கள். நான் இரண்டு பக்கெட் தண்ணீரும் ஒரு பக்கெட் மணலும் கொண்டுவந்து வைத்தேன்.

"தீயே இன்னும் வரல. அதுக்குள்ள ஃபயர் சர்வீஸ் வந்துடுச்சு" என்றாள் அக்கா.

இழுத்தாள். வார் வழுக்கியது. மறுபடி இழுத்தாள். குச்சி சுழலாமல் நின்றது, வார் மட்டும் ஓடியது. பத்து நிமிஷம். நெற்றியில் வேர்வை. புகையைக் காணோம்.

"டீச்சர், கிழங்கைப் பச்சையாவே துன்னுக்கிறோம், பரவால்ல" என்றான் சமீருல்லா.

தலைமையாசிரியர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "பசங்க அந்தப் பக்கம் திரும்புறப்ப ஒரு தீக்குச்சியைக் கிழிச்சிடுங்கம்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

"ஜாஸ்மின் திரும்பவே மாட்டா சார்."

அப்போதுதான் அக்கா குச்சியைத் தடவிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"டேய், இது இன்னா இப்படி வழவழன்னு கீது?"

"கையில சிராய் ஏறிடுமேன்னு நேத்து உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்கா."

"எத்தினி வாட்டி?"

"மூணு வாட்டி."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆறு வருஷம் வழவழப்பைக் கீறிக் கீறி சோறு துன்னவளுக்குத் தம்பியாடா நீ!"

எழுந்து ஓடினாள். வகுப்பறைச் சிமெண்டுப் படியின் முனையில் குச்சியை வைத்து சரக் சரக்கென்று தேய்த்தாள். கல்லை எடுத்து வாரையும் கீறினாள். பழைய கை, மறக்கவில்லை. திரும்பி வந்து மண்டியிட்டு இழுத்தாள்.

பிடித்துக்கொண்டது! கிறீச் கிறீச்சென்று குச்சி சுழன்றது. ஒரு நூல் புகை. அப்புறம் கயிறு மாதிரிப் புகை. குழியோரம் சேர்ந்த கருந்தூளில் ஒரு சிவப்புப் புள்ளி. அக்கா அதை அலுங்காமல் தேங்காய் நாருக்குள் கவிழ்த்து ஊதினாள். தலைமையாசிரியரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து ஊத ஆரம்பித்துவிட்டார். நான் மணல் பக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

குப்பென்று பற்றியது!

அந்தக் கூச்சல் மலைவரை கேட்டிருக்கும். நாற்பது ஜோடிக் கைகள் தீயைச் சுற்றி நீண்டன. முதல் பீரியடும் போயிற்று, இரண்டாவதும் போயிற்று, யாரும் மணி அடிக்கவில்லை. கிழங்கு வெளியே கரி, உள்ளே பஞ்சு.

ஜாஸ்மின் முதல் துண்டைக் கைமாற்றிக் கைமாற்றி ஊதித் தின்றாள். வாயெல்லாம் கரியோடு எழுந்து நின்று கத்தினாள்:

"டீச்சர், நாங்க பொறந்துட்டோம்!"

"முதல்ல வாயைத் தொடைடி" என்றாள் அக்கா. அவள் கன்னத்திலும் அதே கரி.