கரைவலைக்குக் குறுக்கே கட்டிய படங்கு

பிள்ளைகளோடு கடற்கரையில் ஓரிரவு தங்கிவரப் போகிறோம் என்று நான் சொன்னதும் மச்சாள் கேட்ட முதற்கேள்வி, "அவளையும் கொண்டே போறியள்?" என்பதுதான். மச்சாள் என் கணவரின் தமக்கை. கலியாணம் கட்டாமல் தெல்லிப்பழையில் எங்களோடேயே இருந்தவர். எங்கள் வீட்டில் உலை வைப்பதும் அவர் சொல்லித்தான், இறக்குவதும் அவர் சொல்லித்தான். 'அவள்' என்றது என் நடுவிலாள் மகளை. ஆறு வயது. இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. இரும்புக் கம்பி பூட்டிய சப்பாத்துப் போட்டால் சுவரைப் பிடித்து நடப்பாள். இல்லாவிட்டால் நிலத்தில் அரக்கி அரக்கிப் போவாள்.

"ஓம் மச்சாள், அவளையும்தான். அவளுக்காகத்தான் போறதே" என்றேன்.

தை பிறந்தால் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். உண்மையில் போன தையே சேர்த்திருக்க வேண்டும். சனம் பார்த்துச் சிரிக்கும், மூத்தவளுக்கு நாளைக்கு ஒரு கலியாணம் பேச ஏலாது, வீட்டிலேயே இருந்து நாலெழுத்துப் படிக்கட்டும் என்று மச்சாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது! கலியாணமாம், கலியாணம்! என் கணவர் நல்ல மனிசன்தான். ஆனால் தமக்கைக்கு முன்னால் வாயில் கொழுக்கட்டை. நான் பள்ளிக்கூடக் கதை எடுத்தால் "பாப்பம்" என்பார், அதற்குமேல் ஒரு சொல் வராது. ஒரு நாளாவது அந்தப் பிள்ளையை வெளியிலே, சனத்துக்கு நடுவிலே, அவர் தன் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் இந்தப் பயணத்துக்கு நான் அடம்பிடித்தேன்.

ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை. வெங்காயம் மூடுகிற தார்ப்பாய்ப் படங்கு, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்க் குடம், புட்டுப் பொதி, பாய், தலையணை எல்லாவற்றையும் இரவல் வாங்கிய பழைய ஒஸ்ரின் காரில் அடைத்தோம். மச்சாளும் ஏறினார். பிள்ளையைக் காவல் காக்கவாம். காலை மறைக்க மண்ணைக் கூட்டுகிற நீளத்தில் ஒரு பாவாடை வேறு தைத்துக்கொண்டு வந்திருந்தார்.

மணற்காட்டுப் பக்கம் கடலை ஒட்டி ஓரிடம் கல்லும் முள்ளும் இல்லாமல் சுத்தமாகக் கிடந்தது. இவ்வளவு நல்ல இடம் ஏன் சும்மா கிடக்கிறது என்று எங்களில் ஒருவருக்காவது யோசனை வரவேண்டாமா? நாங்கள் தோட்டக்காரர். எங்களுக்கு வரம்பு தெரியும், வாய்க்கால் தெரியும். கடற்கரை மணலிலும் இது இன்னாரின் தொழிலிடம் என்று எல்லை உண்டென்பது யாருக்குத் தெரியும்? என் கணவர் நாலு தடி நட்டுப் படங்கைக் கட்டிவிட்டு, புதுவீடு குடிபுகுந்தவர் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றார்.

விடியற்காலை ஒரு பெரிய தொண்டைதான் எங்களை எழுப்பியது.

"ஆரப்பா உது? கரைவலை இழுக்கிற பாட்டிலையோ படங்கு கட்டுறது?"

பாடு என்றால் வலை இழுக்கிற இடம் என்று அப்போதுதான் விளங்கியது. வடக்குக் கரையிலிருந்து வந்து அங்கே வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டுத் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். வலையைக் கடலில் வளைத்து விட்டாயிற்று, கயிறும் கரைக்கு வந்தாயிற்று. இழுக்கிற ஆட்கள் பின்பக்கமாகவே நடந்து வருகிற வழியில் எங்கள் குடும்பம் படுத்திருக்கிறது! கத்தியவர் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர். "எங்களுக்குத் தெரியாதண்ணை" என்று கணவர் தடியைப் பிடுங்க ஓடினார். நான் பாயைச் சுருட்ட, சின்னவன் வீரிட்டு அழ, மச்சாள் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட, அந்த அமளியில் நடுவிலாளைக் காணவில்லை.

பார்த்தால் சப்பாத்தும் இல்லை, நீளப் பாவாடையும் இல்லை. கட்டைச் சட்டையோடு மணலில் அரக்கி அரக்கிப் போய், இழுத்த கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றிக் குவிக்கிற இடத்தில் இருந்துவிட்டாள். கயிறு கையில்.

"பிள்ளையைத் தூக்கு தங்கச்சி! அது இருக்கிற இடமில்லை!" என்று சம்மாட்டி சத்தம் போட்டார்.

நான் தூக்கப் போனேன். அவள் கயிற்றை விடவில்லை. "நான் வரமாட்டன். நானும் செய்யப்போறன்."

சம்மாட்டி அவள் காலைப் பார்த்தார். வழக்கமான 'ஐயோ பாவம்' வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "சரி, சுத்து. சுணங்கினியெண்டால் எழுப்பிப்போடுவன், சொல்லிப்போட்டன்" என்றுவிட்டு அவர் தன் பாட்டுக்குப் போனார். மனிசனுக்குத் தலைக்குமேல் வேலை.

சுற்றிக்கொண்டிருந்தவர் தள்ளியிருந்து இடம் விட்டார். ஈரக் கயிறு மடியெல்லாம் நனைக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு அவளும் சேர்ந்து சுற்றினாள். இருந்து செய்கிற வேலைக்குக் கால் எதற்கு? இடையில் சுணங்கிப் பின்தங்கினாள். "கெதியாய் பிள்ளை, கெதியாய்!" என்று மற்றவர்களுக்கு விழுந்த ஏச்சு அவளுக்கும் விழுந்தது. அதுவரை அவளை ஒருவரும் வேலைக்காக ஏசியதில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படியொரு சந்தோசம்!

"எல்லாரும் காலைப் பாக்கினம். போய்த் தூக்கிக்கொண்டு வாடா" என்று மச்சாள் தம்பியை விரட்டினார். என் கணவர் அசையவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மீனைக் கொட்டிப் பங்கு பிரித்தபோது, கயிற்றில் கைவைத்த எல்லோருக்கும் பங்கு. அது அவர்கள் வழக்கம். பனையோலைப் பட்டை ஒன்றில் சூடையும் காரலும் போட்டு, "இந்தா பிள்ளை, உன்ரை பங்கு" என்று சம்மாட்டி அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மச்சாள் பாய்ந்து வந்தார். "கூலி! எங்கடை குடும்பத்துப் பிள்ளை கரையிலை கூலி வாங்கினதெண்டு ஊர் கதைக்குமடி!" பட்டையைப் பறித்துக் காகங்களுக்கு வீசினார்.

"அது என்ரை!"

எங்கள் வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்டறியாத பிள்ளை. அந்தச் சத்தம் அவளுடையதா என்று திகைத்துப்போனேன். "அது என்ரை! நான் உழைச்சது!" என்று அழுதபடி மணலில் ஊர்ந்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்கத் தொடங்கினாள். நெடுநாளாய் அடக்கி வைத்த அவ்வளவும் என் தொண்டைக்கு வந்துவிட்டது. நான் வாய் திறக்க முன்னம் என் கணவர் மகளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து மீன் பொறுக்கினார். தமக்கையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா, தையிலை இவள் பள்ளிக்கூடம் போவாள். நானே கொண்டுபோய் விடுவன்."

மீனைக் கடலில் அலசிக் குழம்பு வைத்தேன். மச்சாள் தொடவில்லை. வேண்டாமென்றால் விடட்டும், எங்களுக்குக் கூடுதலாய்க் கிடைத்தது. திரும்பி வரும்போது, "நடந்ததை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" என்றார். நான் மறுநாளே கிணற்றடியில் ஒன்று விடாமல் எல்லாம் சொன்னேன்.

"அப்ப பிள்ளையின்ரை காலை எல்லாரும் பாத்திருப்பினமே?" என்று அயல்வீட்டுக்காரி வாயில் கைவைத்தாள்.

"ஓம், பாத்தவை. நீங்கள் இன்னும் பாக்கேல்லையெண்டால் தை பிறக்கட்டும். காலமை பள்ளிக்கூட மணிக்கு முன்னம் றோட்டுக்கு வாங்கோ. தேப்பனோடை சைக்கிள்ளை போவாள். வடிவாய்ப் பாருங்கோ."