பார்சல் அண்ணன் குடும்பத்தைத் தலைமுழுகிய கதை

“நான் ஒருத்தனைத் தலைமுழுகினா முழுகினதுதான். தலை காயும், சொல்லு காயாது!”

இந்த மகாவாக்கியம் ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டுக் கூடத்துக் குழாயடியில், புதுப் பட்டுச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அருளப்பட்டது. அருளியவர் பார்சல் அண்ணன். கை கழுவும் இடத்தில் தலையை முழுகியவர் என்ற பெருமை இன்றுவரை அவர் ஒருவருக்கே உண்டு. அந்தச் சாதனையை முறியடிக்க வேறு யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதை வைத்துக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பார்சல் கிடங்கில் வண்டிகளுக்குப் பெட்டி ஏற்றும் மேற்பார்வை அவருடையது. தகரக் கூரை, தரையோடு பதித்த எடை மேடை, ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் முனகும் தள்ளுவண்டிகள், நாள் முழுக்க ‘சர்ர்’ரென்று டேப் கிழியும் சத்தம். இவற்றுக்கு நடுவே இடுப்பில் கைவைத்து நின்றபடி அவர் ஆட்சி செய்வார். அவருடைய வேதம் மூன்றே வரி: “கனமானது கீழே. லேசானது மேலே. உடையறது ஓரத்துல.” இந்த மூன்றும் தெரிந்தால் உலகத்தையே ஒரு வேனில் ஏற்றிவிடலாம், கதவும் சாத்தலாம் என்பது அவர் நம்பிக்கை.

வேதம் கிடங்கோடு நின்றிருந்தால் கதையே இல்லை. அது வீட்டுக்கும் வந்தது. குளிர்சாதனப் பெட்டியில் பூசணிக்காய் கீழே, கீரை மேலே, முட்டை ஓரத்தில். நடுவில் இருக்கும் ஒரு தக்காளியை எடுக்க முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். “இந்த வீட்ல தக்காளி கேட்டா நாளைக்குத்தான் டெலிவரி” என்று அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அண்ணன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அந்தக் கல்யாணம் அக்கா மகளுடையது. அக்கா மூத்தவர், அண்ணன் நடுப்பிள்ளை, கடைசி சின்னவர். சின்னவருக்குக் கண்ணாடிக்கடை. ஜன்னலுக்கு, மேசைக்கு, மீன் தொட்டிக்கு என்று அளவாகக் கண்ணாடி அறுத்துக் கொடுப்பார். கண்ணாடியை அறுக்கிற அதே சுத்தத்தோடு பேச்சையும் அறுப்பார். குடும்பப் படம் எடுக்கிற நேரத்தில் அண்ணன் மேடையேறி வேதத்தை அமல்படுத்தினார். கனமான பெரியப்பாக்கள் கீழ்ப் படியில், லேசான சித்திகள் மேல் படியில், வயதானவர்கள் ஓரத்தில். புகைப்படக்காரர் கேமராவோடு வாயையும் திறந்தபடி நின்றார்.

சின்னவர் பார்த்தார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்:

“எங்க அண்ணனுக்கு மனுஷங்க கண்ணுக்கே தெரிய மாட்டாங்க சம்பந்தி. எடை போட்டு லேபிள் ஒட்டினாத்தான் சொந்தக்காரன்னு ஒத்துக்குவார். கொஞ்சம் பொறுங்க, டேப் வந்துடும்.”

மண்டபமே சிரித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். அந்த நொடியைத்தான் புகைப்படக்காரர் எடுத்தார். எல்லார் பல்லும் தெரியும் படத்தில் அண்ணன் பல் மட்டும் தெரியாது.

“இன்னையோட உன்னைத் தலைமுழுகிட்டேன்டா!”

“முழுகறதுன்னா தண்ணி வேணும்ணே. வாயால முழுக முடியாது.”

சரக்கைச் சொன்னபடி அனுப்பாத வழக்கம் அண்ணனுக்குக் கிடையாது. நேராகக் குழாயடிக்குப் போனார், தலையைக் கொடுத்தார். பிறகு நடந்ததுதான் மேலே கண்ட மகாவாக்கியம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். கிடங்குக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் கண்ணாடிக்கடைத் தெரு. அந்தத் தெருவைத் தவிர்க்க, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, பெட்ரோல் பங்க்கைச் சுற்றி, தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி வீடு சேர்ந்தார். ஒரு வண்டிக்காரன் ஒரு தெரு சுற்றிப் போனாலே “டீசல் என்ன உங்க தாத்தா வீட்டுக் கிணத்துல ஊறுதா?” என்று கேட்கிறவர் அவர். அவர் வாழ்க்கையில் இருந்த ஒரே சுற்று வழி அதுதான்.

இந்தத் தலைமுழுகலால் ஆசை இருந்தும் முழுகாமல் போனது ஒருவர்தான்: அக்கா.

ஆற்றங்கரைக் கோயிலில் வருஷத்துக்கு ஒரு நாள் சாமியைப் படித்துறைக்குக் கொண்டுவந்து நீராட்டுவார்கள். சாமி முழுகி எழுந்த பிறகு சனங்கள் முழுகலாம். சின்ன வயதிலிருந்தே இந்த மூவரும் அங்கே கைகோத்து ஒன்றாக முழுகுகிறவர்கள். சின்னவருக்குத் தண்ணீர் என்றால் பயம். ஒரு பக்கம் அக்கா அவர் கையைப் பிடிப்பார், மறு பக்கம் அண்ணன் அவர் மூக்கைப் பிடிப்பார். மூக்கு விடுபட்டதும் சின்னவர் போடுகிற கூச்சலில் கரையில் நிற்கிறவர்களுக்கும் புண்ணியம் சேரும். கல்யாணப் படத்துக்குப் பிறகு சின்னவர் கோயில் பக்கம் வரவில்லை. அக்கா வந்தார். ஆனால் படியிலேயே நின்றுகொண்டார்.

இந்த வருஷத் தீர்த்தவாரிக்கு அண்ணன் திட்டம் போடத் தொடங்கியதும் முதல் தொலைபேசி அக்காவுக்குத்தான்.

“அக்கா, வேன் சொல்லிட்டேன். விடியற்காலை கிளம்பறோம். இந்த வருஷமாவது தண்ணில இறங்கு.”

“நான் கரையில நின்னு துணி பார்த்துக்கறேன்டா.”

“துணியை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்? உன் முட்டி வலிக்கு நல்லதுக்கா.”

“மூணு பேரா முழுகின தண்ணி. ரெண்டு பேரா இறங்க எனக்குக் கால் வரல. முட்டி வலியோட இருந்துட்டுப் போறேன்.” அக்கா கொஞ்சம் நிறுத்தினார். “நீரடிச்சு நீர் விலகாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

“அது தண்ணிக்குச் சொன்னது. நான் தண்ணி இல்ல.”

“ஆமா, நீ தண்ணி இல்ல. நீ அட்டைப்பெட்டி. உனக்குத் தண்ணி பட்டாத்தான் ஆகாதே” என்று வைத்துவிட்டார் அக்கா.

அன்று கிடங்கில் அண்ணன் ஒரு பெரிய பெட்டியைச் சின்னப் பெட்டியின் மேல் வைக்கச் சொன்னதாகவும், ஏற்றுகிறவர்கள் தங்களுக்குத்தான் காது கெட்டுவிட்டது என்று நினைத்ததாகவும் தகவல். மறுநாளே தெளிந்துவிட்டார். திட்டம் முழு வேகத்தில் தொடர்ந்தது. யார் எந்தச் சீட்டு, எந்தப் பை எந்தக் காலுக்கு அடியில், ஈரத்துணி எந்த மூலையில் என்று எல்லாம் முடிவானது. வேன் ஓட்டுநரை வரவழைத்து, வேனின் உட்புறத்தை முழங்கையால் அளந்து பார்த்தார். “இது என் வண்டிதான் சார், நானே இவ்வளவு பார்த்ததில்ல” என்றார் ஓட்டுநர்.

மிச்சம் இருந்தது அறிவிப்பு. ‘நம்ம வீடு’ என்று கைப்பேசியில் குடும்பத்துக்கு ஒரு குழு உண்டு. அதில் அண்ணன் லேபிள் எழுதுவது போலத்தான் எழுதுவார். லேபிளில் இடம் குறைவு. வேற்றுமை உருபுகளுக்கெல்லாம் அங்கே சீட்டுக் கிடையாது. ஆகவே இப்படி அனுப்பினார்:

‘ஞாயிறு காலை குடும்பம் தலைமுழுகல். தயாராக இருக்கவும்.’

அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார். குடும்பத்தோடு தலைமுழுகலா, குடும்பத்தையே தலைமுழுகலா என்று அந்த வாசகம் சொல்லவில்லை. உருபு மறைந்து நின்றது. குடும்பம் திகைத்து நின்றது.

அவர் திரும்பி வருவதற்குள் கைப்பேசி மேசையில் துள்ளிக்கொண்டிருந்தது. அக்கா மருமகன் எழுதியிருந்தார்: ‘மாமா, நாங்க என்ன தப்பு பண்ணோம்? நேர்ல பேசிக்கலாமே.’ அண்ணியின் தம்பியான மச்சான்காரர் கேட்டிருந்தார்: ‘மொத்தமாவா, தனித்தனியாவா?’ அதற்குள் அக்காவின் அழைப்பு வந்தது.

“டேய், என்னையுமாடா?”

“ஐயோ அக்கா, கோயிலுக்கு! தண்ணில! குளிக்கறது!”

“அப்படித் தெளிவாப் போட வேண்டியதுதானே? இங்க உன் மருமகப் பொண்ணு அழுதுட்டு இருக்கா.”

சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். “என்னங்க, நான் மூட்டை கட்டணுமா? கட்டணும்னா நீங்களே கட்டிக் குடுத்துடுங்க, என் கட்டு உங்களுக்குப் பிடிக்காது.”

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, திருத்தம் அனுப்பக் கட்டைவிரலைத் தூக்கினார். அப்போது ஒரு செய்தி வந்து விழுந்தது. சின்னவரிடமிருந்து.

தலைமுழுகப்பட்டவர் குழுவில் எப்படி இருந்தார் என்று கேட்கலாம். நீக்குகிற பொத்தான் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்பது அண்ணனின் நீண்டகால விளக்கம். எடை மேடை, பார்கோடு படிக்கும் கருவி, கிடங்குக் கணினி எல்லாவற்றிலும் இருக்கிற எல்லாப் பொத்தானும் தெரிந்தவருக்கு அந்த ஒரு பொத்தான் மட்டும் கண்ணில் படவில்லை. நம்ப வேண்டியதுதான். இத்தனை காலமும் சின்னவரும் அதில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. இன்றைக்கு எழுதியிருந்தார்:

‘என்னை ஏற்கெனவே முழுகியாச்சு. நமக்குக் கவலை இல்லை. மத்தவங்க எடைவாரியா வரிசையில நில்லுங்க.’

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அண்ணன் முகம் ஆடவில்லை. மீசை ஆடவில்லை. தோள் இரண்டும் ஆடின. கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்னங்க, சிரிக்கறீங்களா?”

“இருமல்.”

“இருமல் வாய்வழியாத்தானே வரும்?”

“இது உள்ளிருமல்” என்றார் அண்ணன், வைத்தியரைப் போல.

பிறகு திருத்தம் போனது: ‘குடும்பத்தோடு. குடும்பத்தை அல்ல.’ அத்தனை இடத்தையும் செலவழித்து அவர் எழுதிய முதல் லேபிள் அதுதான்.

மறுநாள் சீட்டுத் திட்டத்தில் ஒரு மாற்றம் அறிவிக்கப்பட்டது. அண்ணனுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார வேண்டிய மச்சான்காரர் பின்வரிசைக்கு மாற்றப்பட்டார். அவர் கொதித்தார்.

“ஏன் மாமா, நான் கனமா, லேசா?”

“நீங்க ரெண்டும் இல்ல. அந்தச் சீட்டு பார்சலுக்கு.”

“கோயிலுக்குக் குளிக்கப் போறோம். என்ன பார்சல்?”

“வரும்.”

“நான் பையை அதுமேல வெச்சுக்கட்டுமா?”

“ஒண்ணும் வைக்கக் கூடாது. பார்சல் வர்ற இடத்துல பை வெக்கறது தொழிலுக்கே அவமானம்.”

மச்சான்காரர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அரிசியில் கல் இல்லை. இருந்தாலும் பொறுக்கினார்.

ஞாயிறு வந்தது. இருட்டு விலகும் நேரத்தில் எல்லாரும் வேனில் ஏறினார்கள். கனமானது, லேசானது, உடையறது எல்லாம் அவரவர் இடத்தில். அக்கா கையில் ஒரு சின்னக் கைப்பை மட்டும். கரையில் நிற்கப் போகிறவருக்கு வேறென்ன வேண்டும்? அண்ணன் பக்கத்துச் சீட்டு காலியாகவே இருந்தது. பெருக்கித் துடைத்த மாதிரி காலி.

வேன் பெரிய சாலை முனைக்கு வந்தது.

“இடது பக்கம் திரும்பு” என்றார் அண்ணன்.

“சார், கோயில் நேரா போகணும். இது சுத்தாச்சே?”

“சுத்தினதெல்லாம் போதும். இதுதான் நேர்வழி. திரும்பு.”

வேன் திரும்பியது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கடை இன்னும் திறக்கவில்லை. கடைக்கு மேலேதான் வீடு. மாடிப்படியில், துண்டைத் தோளில் போட்டுப் பல் துலக்கியபடி சின்னவர் நின்றுகொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. வேனைப் பார்த்ததும் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

அண்ணன் இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எதிரில் இருக்கிற மின்கம்பத்தைப் பார்த்துப் பேசினார்.

“பார்சல் ஏத்த வந்திருக்கோம்.”

நுரைக்கு நடுவிலிருந்து பதில் வந்தது. “என்ன பார்சல்ணே?”

“உடையற பார்சல்.”

சின்னவர் துப்பினார். சிரிக்கலாமா கூடாதா என்று அவர் முகம் ஒரு நொடி தடுமாறியது.

“அப்படின்னா ஓரத்துலதான வைக்கணும்?”

“நடுவுல வெச்சாத்தான் பாதுகாப்பு. எனக்கும் அக்காவுக்கும் நடுவுல. வாயைக் கொப்புளிச்சிட்டு வா, சாமி எழுந்து முழுகிடப் போவுது.”

வேதத்தின் மூன்றாம் வரி அந்தத் தெருவில் அப்படித்தான் திருத்தப்பட்டது. யாரும் கைதட்டவில்லை. மச்சான்காரர் மட்டும், “பார்சல் நல்லா கனமாத்தான் இருக்கு” என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்.

சின்னவர் ஏறி உட்கார்ந்தார். அக்கா முன்வரிசைக்கு மாறி மறு பக்கம் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் திடுக்கிட்டார்.

“ஐயையோ! நான் மாத்துப் புடவை எடுத்துட்டு வரலையே! கரையிலதானே நிக்கப் போறோம்னு வந்துட்டேன். வேனைத் திருப்புங்க!”

அண்ணி தன் காலடியில் இருந்த பையைத் திறந்தார். அதிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து அக்கா மடியில் வைத்தார். உள்ளே புதுப்புடவை. மேலே பிளாஸ்டிக் உறை. ஒரு சொட்டு ஈரம் போகாதபடி நான்கு ஓரமும் மடித்து, மூலைக்கு மூலை பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. அந்தக் குடும்பத்தில் அப்படி ஒட்டுகிறவர் ஒருவர்தான்.

“எப்படா கட்டினே இதை?” என்றார் அக்கா.

அண்ணன் காதில் விழாத மாதிரி முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தார். கை மட்டும் பக்கத்தில் இருந்தவருடைய மூக்கை நோக்கிப் போய், பிடியை ஒரு தடவை அளவு பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.