ஏசுவதற்கு மட்டும் கூச்சமில்லை

சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல், லெப்பைக்குடிகாட்டில் ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தேன். எல்லோருடைய கண்களும் ஒரே பொருளின்மீது இருந்தன — பூத்துணி போர்த்திய தொலைபேசி.

என் தோழி நூர்ஜஹானின் புகுந்த வீடு அது. பெரம்பலூரில் எங்கள் தெருவில் வளர்ந்தவள். கணவர் ஜமால் சவூதியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். அந்த ஊரில் பல வீடுகளின் நிலை இதுதான். ஆண்கள் கடலுக்கு அப்பால் இருப்பார்கள். அவர்களுடைய குரல் மட்டும் வெள்ளிதோறும் வீட்டுக்கு வந்துபோகும்.

அந்தக் குரலைப் பங்கிட ஒரு முறை உண்டு. முதலில் தாயார். பிறகு பிள்ளை. கடைசியில்தான் மனைவி. அங்கே அவர் வாங்கிய அழைப்பு அட்டையில் மிஞ்சிய நேரம் அவளுக்கு. அந்த மிச்சத்தில் ஒருத்தி என்னதான் பேசிவிட முடியும்?

நூர்ஜஹான் சண்டை போடுவாள்.

“எங்க நெனப்பு உங்களுக்கு எங்க இருக்கு?” என்று தொடங்குவாள். “நாள் பூரா நின்னு கால் கடுத்து வந்து, இதைக் கேக்கத்தான் போன் பண்றேனா?” என்பார் அவர். அட்டை தீர்ந்துவிடும். பாதியில் அறுந்த சண்டை அடுத்த வெள்ளிவரை நெஞ்சில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

இம்முறை அது விளிம்புக்கே வந்துவிட்டது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பை எடுப்பதா, தள்ளிவைப்பதா என்று அவர் இந்த வாரம் முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். “வந்து மட்டும் என்ன? நேர்லயும் இதே பேச்சுதானே” என்று கடைசியாகப் பேசியபோது சொல்லிவிட்டார். அதற்கடுத்த வெள்ளி அழைப்பே வரவில்லை. தள்ளிவைத்தால் இன்னும் ஓர் ஆண்டு...

எனக்கோ, திருச்சியில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த புது உற்சாகம். உறவுகளில் குற்றம் சாட்டாமல் பேசுவது எப்படி என்பது பாடம். நடந்ததைச் சொல்ல வேண்டும். அதனால் நம் மனம் என்ன பாடுபட்டது என்பதைச் சொல்ல வேண்டும். வேண்டுவதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். எளிமையாகத்தானே இருக்கிறது? அடுப்படியில் வைத்து நூர்ஜஹானுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“சரிக்கா. கூடத்துல மாமி உக்காந்திருக்காங்க. ‘உங்களப் பாக்கணும் போல இருக்கு’ன்னு அவங்க முன்னாடி எப்படிச் சொல்றது? வெக்கங்கெட்டவன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“சண்டை போடுவதை மட்டும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்?”

“திட்டுனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. புருசன் பொண்டாட்டின்னா அப்புடித்தான்னு விட்ருவாங்க.”

எண்ணிப் பார்த்தால், நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதானே வழக்கம்? நாலு பேர் முன்னிலையில் கணவனை ஏசலாம், ஏங்கக் கூடாது. அதனால்தான் ஏக்கமெல்லாம் ஏச்சின் உடையைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. எதிரே இருப்பவருக்கோ உடை மட்டுமே தெரிகிறது.

மணி ஒலித்தது.

மாமியார் உளுந்து முறத்தைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார். “அலைக்கும் சலாம்ப்பா... மோட்டார் மறுபடி ரிப்பேருப்பா. தண்ணிக்குப் பெரும்பாடு.” மோட்டார் பேச்சு நெடுநேரம் ஓடியது. அடுத்து மகள், கலர் பென்சில் கேட்டாள். பிறகு, ஒருவழியாக, நூர்ஜஹான்.

“என்னங்க, போன வாரம் ஏன்...” என்று வழக்கம்போல் தொடங்கினாள். நிறுத்தினாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

“போன வெள்ளிக்கெழம போன் வரல. சாயங்காலம் பள்ளிவாசல்ல அஸர் பாங்கு சொல்ற வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருந்தேன். சோறு எறங்கல.” குரல் தாழ்ந்தது. “லீவ எடுங்க. எனக்கு உங்களப் பாக்கணும் போல இருக்கு.”

முறத்தில் உளுந்து புடைக்கும் ஓசை நின்றது.

மறுமுனையின் மறுமொழியைக் கேட்டு நூர்ஜஹானின் முகம் மாறியது. “இல்லங்க, காய்ச்சல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். சும்மாத்தான் சொன்...”

இணைப்பு அறுந்தது. அட்டை தீர்ந்திருக்க வேண்டும்.

ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒடம்புக்கு முடியலையான்னு கேக்குறாங்கக்கா” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். விடுப்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மாமியார் தலை நிமிரவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்ற அச்சத்தோடு அவள் நின்றிருந்தாள்.

அப்போது மீண்டும் மணி ஒலித்தது. ஒரே நாளில் இரண்டாம் அழைப்பு அந்த வீட்டுக்குப் புதிது. வழக்கப்படி மாமியார்தான் எடுக்க வேண்டும். நூர்ஜஹான் ஒதுங்கி வழிவிட்டாள்.

“நீயே எடு” என்றார் அவர். “எங்கிட்டதான் பேசிட்டானே. இது உனக்கு வந்தது.”

முறத்தை எடுத்துக்கொண்டார். பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டார். போகிற போக்கில் என்னிடம், “நீங்களும் வாங்கம்மா, கொல்லையில கறிவேப்பிலை இருக்கு, பறிச்சுத் தரேன்” என்றார். எனக்குக் கறிவேப்பிலை தேவையாகவே இல்லை. எழுந்து பின்னால் போனேன்.

கொல்லைப்படியில் இறங்கும்போது, கூடத்திலிருந்து நூர்ஜஹானின் குரல் கேட்டது.

“பெருநாளைக்கு முன்னாடியா, பின்னாடியா?”

கனிவாகப் பேசக் கற்றுக்கொடுக்க வகுப்புகள் இருக்கின்றன. எப்போது எழுந்து போக வேண்டும் என்பதைச் சொல்லித்தர மாமியாரின் மனம்தான் இருக்கிறது.