அலோன் கரையில் எடுக்காமல் விட்ட கல்

எங்கள் அண்ணன் சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய கருமாதிக் கல்லை இன்னும் எடுக்கவில்லையே என்று உறவினர்கள் பலருக்கு எங்கள் மேல் வருத்தம். முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மானாமதுரைப் பக்கம், வானம் பார்த்த ஒரு சிற்றூரில். பிழைப்புக்காக ரங்கூன் வந்து, அலோன் துறையில் அரிசி மூட்டை சுமந்து, மேஸ்திரி ஆனார். கோபம் அவருக்கு மூக்கின்மேல் இருக்கும். ஆனால் பசி என்று வந்தவரை அவர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

ஊரில் மழை பொய்த்த ஆண்டு, கப்பல் கப்பலாக நம் சனங்கள் வந்தார்கள். ஆற்றங்கரையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் கால் நீட்ட இடமின்றி அடைந்து கிடந்தார்கள். அங்கே வாந்திபேதி புகுந்தது. பெயர் கேட்பதற்குள் பலர் போய்விட்டார்கள். அண்ணன் கஞ்சித்தண்ணீர் ஊற்றினார், துணி மாற்றினார். பிணங்களை வண்டியில் அள்ளிப் போய்ச் சுண்ணாம்புக் குழியில் மொத்தமாகப் புதைத்தார்கள். வாய்க்கரிசி போட ஆளில்லை.

பதினாறாம் நாள் அண்ணன் கரை மேட்டில் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு கல் ஊன்றி, எள்ளும் தண்ணீரும் இறைத்தார். சடங்கு முடிந்ததும் கல்லை எடுத்து ஆற்றில் விடுவதுதான் நம் வழக்கம். விட்டால்தான் உயிர் கரையேறும் என்பார்கள். அண்ணன் எடுக்கவில்லை.

“ஊன்ற யாரும் ஊன்றலாம். எடுக்கிறதுக்குச் சொந்தபந்தம் வேணும். வரட்டும்” என்றார்.

ஒரே ஒருத்தி வந்தாள். புருசனைத் தேடிக் கப்பலேறியவள். “இதுல எம் புருசன் கல்லு எதுங்கய்யா?” என்று கேட்டாள். அண்ணனுக்குத் தெரியவில்லை. அடையாளம் வைக்கத் தோன்றியிருக்கவில்லை. அத்தனை சாவுக்கு நடுவே யாருக்குத் தோன்றும்? அவள் எல்லாக் கல்லுக்கும் தண்ணீர் ஊற்றினாள். பிறகு ஓரத்தில் இருந்த ஒன்றைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, தண்ணீரில் விட்டுக் கரையேறினாள். அன்றுதான் அண்ணன் அழுது பார்த்தேன்.

சென்ற ஆண்டு அந்த நோய் மறுபடி வந்தது. அண்ணி தடுத்தும் அண்ணன் கிட்டங்கிக்குப் போனார். அங்கேயே படுத்துவிட்டார். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, “உள்ள வராதடா. எனக்கும் அங்கயே கல்லு ஊனு. அவங்க கல்லையெல்லாம் எடுத்தப்புறம் என்னுதை எடு” என்றார். அவரையும் அதே வண்டியில்தான் கொண்டுபோனார்கள். முகம்கூடக் காட்டவில்லை.

அந்தப் பெண் பிடுங்கிய குழியிலேயே அண்ணன் கல்லை ஊன்றினோம். சடங்கு முடித்த பெரியவர், எடுக்காவிட்டால் உயிர் அலையும் என்றார். பயந்துபோய் நான் கல்லை எடுக்கக் குனிந்துவிட்டேன். அண்ணிதான் குறுக்கே வந்து நின்றார்.

“உசிரோட இருக்கையிலயே உங்க அண்ணன் அந்தச் சனங்களை விட்டுட்டு வீட்டுக்கு வரல. இப்ப மட்டும் வந்துருவாகளா? விடுங்க தம்பி.”

அந்த மேட்டில் யாரும் படகை ஏற்றாமல் காத்துவரும் சம்பான் படகுக்காரர் ஊ போ ஞானுக்கும், கிட்டங்கியில் அண்ணனுக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்த, பெயர் தெரியாத அந்தத் தெலுங்குத் தோழருக்கும், எங்களோடு அழுத உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று மாலை ஆற்றங்கரைக்கு வருகிறவர்கள், அண்ணன் கல் எது என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுங்கள்.